டவர் ஸ்பீக்கரை ‘ஸ்மால்’ என்று வைக்கலாமா? ரிசீவரில் ஸ்பீக்கர் அளவும் கிராஸ்ஓவரும்

மார்ச் 3

வாசகர் ஒருவரின் கேள்வி: “முன்பக்கம் இரண்டு டவர் ஸ்பீக்கர்கள். 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். மைக் வைத்து அளக்கும் ரிசீவரின் தானியங்கி அளவீடும் அவற்றை லார்ஜ் என்றே வைத்தது. கடைக்காரரோ ஸ்மாலுக்கு மாற்றி 80இல் வெட்டச் சொல்கிறார். இத்தனை பணம் கொடுத்து டவர் வாங்கியது பேஸை வெட்டி எறியவா? இன்னொன்று, படம் பார்க்கும்போது சப்வூஃபர் அதிர்கிறது. பாட்டுப் போட்டால் அது இருக்கிறதா என்றே தெரியவில்லை.”

மார்ச் 3, இரவு

கடைக்காரர் சொன்னதைச் செய்யுங்கள். உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே அதற்கான காரணமும் இருக்கிறது. புதிதாகப் படிப்பவர்களுக்கு: ரிசீவர் என்பது எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் பெருக்கிப் பெட்டி. பேஸ் என்பது ஒலியின் அடிச்சுருதிகள், சப்வூஃபர் அவற்றுக்கு மட்டுமான பெட்டி. இரண்டுக்கும் இடையே ஒலியை வெட்டிப் பிரிக்கும் அதிர்வெண்தான் கிராஸ்ஓவர்.

லார்ஜ் என்று வைத்தால் அந்தச் சேனலுக்கு வரும் ஒலி முழுவதும், அடிமட்டம் வரை, அந்த ஸ்பீக்கருக்கே போகும். சப்வூஃபருக்கு 5.1 என்பதில் கடைசியாக நிற்கும் ‘.1’ (எல்.எஃப்.இ. என்ற தனி பேஸ் சேனல்) மட்டும்தான் கிடைக்கும். பாட்டு இரண்டு சேனல், அதில் ‘.1’ கிடையாது. ஆகவே பாட்டுப் போட்டதும் சப்வூஃபர் வேலையின்றி உட்கார்ந்திருக்கிறது. ஸ்மால் என்று வைத்து 80 கொடுத்தால், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ரிசீவர் பிரித்தெடுத்துச் சப்வூஃபருக்கு அனுப்பிவிடும். பேஸ் எங்கும் போகவில்லை; அதைச் சுமக்கும் பெட்டிதான் மாறுகிறது.

ஸ்பீக்கரின் உயரத்துக்கும் இந்த அமைப்புக்கும் சம்பந்தமில்லை. நாலடி டவரும் ஸ்மாலாக இருக்கலாம். சப்வூஃபரே இல்லாத வீட்டில் அலமாரியில் வைக்கும் சின்ன ஸ்பீக்கரும் லார்ஜாகத்தான் இருக்கும்.

மார்ச் 4

அந்த 35 ஹெர்ட்ஸைப் பற்றிக் கொஞ்சம். விவரத்தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மைனஸ் 3 டெசிபல் என்று இருக்கிறதா, மைனஸ் 6 என்றா, மைனஸ் 10 என்றா என்று பாருங்கள். மைனஸ் 10 என்றால் அந்த இடத்தில் ஒலி ஏறக்குறைய பாதியாகத்தான் காதில் விழும். எதுவுமே போடவில்லை என்றால் அந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

சரி, 35 உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் ஸ்மால்தான் வைப்பேன். ஒரே அளவு சத்தத்துக்கு, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரின் அசையும் கூம்பான கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் ஆடும் கோன் 40இல் நான்கு மில்லிமீட்டர் ஆட வேண்டும். 20இல் பதினாறு. ஆறரை அங்குலக் கோன் அதைத் தாங்காது. துளை வைத்த பெட்டியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: துளை ஒத்திசைக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே போனதும் பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனைப் பிடித்து நிறுத்தாது, அது கட்டில்லாமல் ஆடும்.

கண்ணாலேயே பார்க்கலாம். முன்பக்கத் துணிச்சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, வெடிச்சத்தம் வரும் காட்சி ஒன்றை ஓட விடுங்கள். என் வீட்டில் லார்ஜில் கோனின் ரப்பர் விளிம்பு உள்ளே மடங்கி வெளியே பிதுங்குவது தெளிவாகத் தெரிந்தது. அதே காட்சி, அதே ஒலி அளவு, ஸ்மால் 80: கோன் நடுங்குகிறதே தவிர இடம் பெயர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. அதே கோன்தான் பின்னணி இசையின் வயலினையும் பாடகரின் குரலின் கீழ்ப்பகுதியையும் சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். பேஸை இறக்கி வைத்ததும் நடுப்பகுதி தெளிந்துவிடுகிறது. ரிசீவரின் பெருக்கிக்கும் சுமை குறைகிறது. சப்வூஃபருக்குத்தான் சொந்தப் பெருக்கி இருக்கிறதே.

மார்ச் 4, மறுபடி

“லார்ஜிலேயே வைத்துவிட்டு, எல்.எஃப்.இ. பிளஸ் மெயின் என்பதைப் போட்டால் இரண்டிலும் பேஸ் வருமே?” என்று ஒருவர்.

வரும். அதுதான் சிக்கல். ஒரே பேஸ் மூன்று பெட்டிகளிலிருந்து, மூன்று தூரங்களிலிருந்து உங்கள் காதுக்கு வரும். சில சுருதிகளில் ஒன்றையொன்று ஏற்றிவிடும், சிலவற்றில் அழித்துவிடும். டெனான் ரிசீவரில் இந்தப் பெயர். ஆன்கியோவில் டபுள் பேஸ், யமஹாவில் எக்ஸ்ட்ரா பேஸ். கடையில் கேட்கும் முதல் நிமிடத்துக்கு மிரட்டலாக இருக்கும். பத்தாவது பாட்டில் எல்லாப் பாட்டின் அடித்தாளமும் ஒன்றுபோல் இருப்பது தெரியவரும். எல்.எஃப்.இ. என்று மட்டும் வையுங்கள்.

மார்ச் 6

இத்தனை நேரம் ஸ்பீக்கரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பேஸை உண்மையில் தீர்மானிப்பது அறை. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

வெளிநாட்டு வழிகாட்டிகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்களை வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அந்தச் சுவர் லேசாக ஆடும். ஆடும்போது பேஸில் ஒரு பங்கை விழுங்கும். நம் வீடு செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். எதுவும் விழுங்காது. போன ஒலி அப்படியே திரும்பி வரும். ஆகவே அறையின் அதிர்வுகள் நம் வீடுகளில் கூர்மையாகவும் நீளமாகவும் இருக்கும்.

கணக்கு எளிது. ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். அதை (மீட்டரில்) அறையின் நீளத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் அந்தத் திசையின் முதல் அதிர்வு கிடைக்கும். என் அறை 14க்கு 12 அடி, கூரை 10 அடி. நீளவாக்கில் 40 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 47, உயரவாக்கில் 56. இவற்றின் இரண்டாம் மடங்குகள் 80, 94, 112. இந்த எண்களில் எல்லாம் ஒலி சில இடங்களில் குவியும், சில இடங்களில் காணாமல் போகும். அறையின் நீளத்துக்குச் சரிபாதியில் சோபா போட்டால் 40 ஹெர்ட்ஸ் அங்கே இருக்கவே இருக்காது; ஒரு முழம் பின்னால் நகர்ந்தால் வந்துவிடும். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் எல்லாமே குவிந்து, கனத்து, மந்தமாகும். 12க்கு 12 என்று சதுர அறை வைத்திருப்பவர்களுக்கு நீளமும் அகலமும் ஒரே 47இல் வந்து விழும். நகர வாய்ப்பிருந்தால் வேறு அறைக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

இங்கேதான் ஸ்மாலின் பெரிய லாபம். டவரை நீங்கள் படத்துக்கும் குரலுக்கும் பொருத்தமான இடத்தில்தான் வைக்க முடியும்: டிவியின் இருபுறமும். அந்த இடம் பேஸுக்கு நல்ல இடமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேஸைச் சப்வூஃபருக்குக் கொடுத்துவிட்டால் அந்த ஒரு பெட்டியை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்திலேயே சப்வூஃபரைத் தூக்கி வைத்து, பேஸ் நடை நன்றாக உள்ள பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுவரமும் சம எடையில் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை இறக்கி வையுங்கள். இதைப் பிள்ளைகள் பார்த்தால் சேர்ந்து தவழும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது, நல்ல இடத்தைக் கண்டுபிடித்தவளும் என் மகள்தான்.

மார்ச் 7

80 எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு: லூகாஸ்ஃபில்ம் நிறுவனத்தில் டாம்லின்சன் ஹோல்மன் உருவாக்கி 1983இல் வந்தது டி.எச்.எக்ஸ். என்ற திரையரங்க ஒலித் தரம். அதன் வீட்டு வடிவம் 80ஐ எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் பிடிக்க முடியாது. ஆகவே சப்வூஃபர் மூலையில் இருந்தாலும் கவனம் அங்கே போகாது. இதே ஹோல்மன் பிற்பாடு ஆடிசியை (பல ரிசீவர்களில் உள்ள, அறையை அளந்து ஒலியைத் திருத்தும் தானியங்கி முறை) தொடங்கியவர்களிலும் ஒருவர்.

80 சட்டம் அல்ல, தொடக்கம். மூன்று அங்குலக் குட்டி ஸ்பீக்கர்கள் வைத்திருப்பவர் 120, 150 என்று போயே ஆக வேண்டும். அப்போது ஆண்குரலின் அடிப்பகுதி சப்வூஃபரிலிருந்து வரத் தொடங்கும். அதனால் சப்வூஃபரை டிவிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

மார்ச் 9

ஸ்மால், 80 எல்லாம் செய்த பிறகும் “முன்பைவிடப் பேஸ் குறைந்துவிட்டது” என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். நம்புகிறேன். பெரும்பாலும் ஒரே காரணம்: 80ஐ ஒட்டிய இடத்தில் டவரும் சப்வூஃபரும் சேர்ந்து வாசிக்கின்றன. ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுத்தால் அங்கே பள்ளம் விழும். டோலக்கின் அடி, பேஸ் கிட்டாரின் மேல்தந்திகள், மேடை டிரம்மின் குத்து எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் விழுகின்றன.

இதைச் சரிசெய்யும் திருகு ரிசீவர் மெனுவின் கிராஸ்ஓவர் பக்கத்தில் இல்லை, தூரம் என்ற பக்கத்தில் இருக்கிறது. சப்வூஃபரின் தூரம் டேப் வைத்து அளந்ததைவிட அதிகமாக ரிசீவரில் காட்டினால் உடனே அதை டேப் அளவுக்கு மாற்றப் போகாதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைத் தாமதப்படுத்துகிறது. ரிசீவர் அந்தத் தாமதத்தையும் தூரமாகத்தான் எண்ணும். ஒரு மில்லிவினாடி என்றால் சுமார் 34 சென்டிமீட்டர்.

செய்யும் முறை: இடது டவரும் சப்வூஃபரும் மட்டும் ஒலிக்கட்டும். 80 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுருதியை மிதமான சத்தத்தில் ஓட விடுங்கள். கைப்பேசியில் ஒலிமானி செயலியைத் திறந்து, தலை இருக்கும் இடத்தில் ஒரு ஸ்டூலின் மேல் அசையாமல் வையுங்கள். செயலி காட்டும் எண் சரியா என்று கவலைப்பட வேண்டாம். ஏற்ற இறக்கம்தான் வேண்டும். சப்வூஃபரின் தூரத்தை 30 சென்டிமீட்டராகக் கூட்டிக்கொண்டே போங்கள், பிறகு குறைத்துக்கொண்டே வாருங்கள். 80இன் அலைநீளம் 4.3 மீட்டர், ஆகவே இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் மாற்றினால் முழுதாகத் தலைகீழாகிவிடும். எண் எங்கே உச்சத்தில் நிற்கிறதோ அங்கே விடுங்கள். வலது டவருக்கும் கேட்டுவிட்டு, இரண்டுக்கும் பொருந்தும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு 60, 70, 90, 100 ஆகியவற்றையும் ஓட்டிப் பாருங்கள். உச்சம் ஒரே சுருதியில் மட்டும் இருந்தால் போதாது.

என் வீட்டில் இதைச் செய்தபோது எண் ஏறியது ஒரு பக்கம். எனக்கு நிறைவைத் தந்தது தவில் வாசிப்பு ஒன்றின் பதிவு. தொப்பிப் பக்கத்து அடி முதலில் அறையின் மூலையில் இருந்து தனியாக வந்துகொண்டிருந்தது. தூரம் சரியானதும் வலந்தலைப் பக்கத்து அடியோடு சேர்ந்து ஒரே வாத்தியமாக டிவிக்கு முன்னால் வந்து நின்றது. இந்த அமைப்புகள் எல்லாம் எதற்கு என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

மார்ச் 10

ஒருவர், பேஸ் முட்டினால் எல்.எஃப்.இ.யின் லோ பாஸையும் (குறித்த எண்ணுக்கு மேலுள்ளதை வெட்டும் வடிகட்டி) 80க்கு இறக்கலாம் என்று எழுதியிருக்கிறார். வேண்டாம். அது கிராஸ்ஓவர் இல்லை. ஸ்பீக்கரின் கிராஸ்ஓவரில் பிரித்தது சப்வூஃபருக்குப் போய்ச் சேரும், எல்.எஃப்.இ.யில் வெட்டினால் வெட்டியது யாருக்கும் போகாது. அந்தச் சேனல் 120 வரை உள்ளது, 120இலேயே இருக்கட்டும்.

சப்வூஃபரின் முதுகில் இருக்கும் கிராஸ்ஓவர் குமிழையும் கடைசி வரை திருகிவிடுங்கள், அல்லது எல்.எஃப்.இ. என்ற நிலை இருந்தால் அதில் போடுங்கள். ரிசீவர் ஒருமுறை வடிகட்டியதைச் சப்வூஃபர் மறுபடி வடிகட்டக் கூடாது. நேற்று எழுதிய தூர வேலைக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். வரிசை மாறினால் அளந்தது வீண்.

மார்ச் 14

சென்டர் ஸ்பீக்கரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானாகவே எழுதுகிறேன். படத்தில் உரையாடலில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது.

என் அம்மாவுக்கு ஒரு குறை: செய்தி வாசிப்பவர் குடத்துக்குள் இருந்து பேசுகிறார் என்று. கிராஸ்ஓவரை 80இலிருந்து 100, 120 என்று ஏற்றிப் பார்க்கச் சொல்லி ஒரு நண்பர் யோசனை கூறினார். ஏற்றியும் குடம் போகவில்லை. போகவும் போகாது, ஏனென்றால் அந்த முழக்கம் பேஸில் இல்லை. 150, 200 பக்கம் இருந்தது. ஸ்பீக்கர் டிவி ஷோகேஸின் தட்டில் ஓர் அடி உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தது. தட்டின் மேல்பலகையும் கீழ்ப்பலகையும் அந்தப் பகுதியைத் தூக்கிக்கொண்டிருந்தன. ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்புக்கு இழுத்து, முன்பக்கத்தில் இரண்டு ரப்பர் கட்டைகள் வைத்து, முகத்தைச் சோபாவை நோக்கி நிமிர்த்தினேன். அம்மா தலையைத் திருப்பாமலே “இப்போது பேசுகிறாள்” என்றார். கிராஸ்ஓவர் திரும்ப 80க்குப் போய்விட்டது.

எந்த ஒலிக் குறைக்கும் மெனுவுக்குள் ஓடாதீர்கள். முதலில் எழுந்து போய் ஸ்பீக்கரைப் பாருங்கள்.

மார்ச் 15

இழை விலகிப் போகிறது, ஆனால் கேட்டுவிட்டார்கள். சப்வூஃபரில் சத்தமே கொடுக்காதபோதும் ‘ம்ம்ம்’ என்று உறுமல் என்றால் அதற்கும் கிராஸ்ஓவருக்கும் தொடர்பில்லை. கேபிள் டிவி அல்லது டிஷ் வயரை செட்டாப் பெட்டியிலிருந்து கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால், இரண்டு எர்த் வழிகளுக்கு இடையே மின்னோட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரிசீவரையும் சப்வூஃபரையும் செட்டாப் பெட்டியையும் ஒரே பிளக் இணைப்பில் கொண்டுவந்து பாருங்கள். மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை உடைப்பது, டேப் சுற்றுவது என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். உயிரோடு விளையாடும் வேலை அது. செய்யாதீர்கள்.

கூடவே இதையும்: 40இலிருந்து 100 வரை சுருதியை மெதுவாக ஏற்றும் பதிவு ஒன்றை ஓட விட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். எங்கள் வீட்டில் 47ஐத் தொட்டதும் பீரோ கதவு படபடத்தது. 56இல் பாத்திர அலமாரியின் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. பீரோ கதவிடுக்கில் மடித்த நாளிதழ், டம்ளர்களுக்கு அடியில் துணி. ‘அறை முழங்குகிறது’ என்று எண்ணியதில் ஒரு பங்கு இவைதான்.

மார்ச் 21

80ஐத் தொடக்கம் என்று சொன்னேன். இப்போது என் வீட்டில் முன்பக்க டவர்கள் 100இல் இருக்கின்றன. 40 வரை தாராளமாகப் போகும் டவர்கள்தான்.

காரணம் மறுபடியும் அறை. டவர்கள் நிற்கும் இடத்தில் நீளவாக்கு அதிர்வின் இரண்டாம் மடங்கான 80ஐ அவை அளவுக்கு மீறிக் கிளப்புகின்றன. சப்வூஃபர் இப்போது பக்கச்சுவரில், நீளத்தில் கால்பங்கு இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து அந்த 80 ஏறக்குறைய கிளம்புவதே இல்லை. ஆகவே அந்தப் பகுதியில் பெரும்பங்கை டவரிடமிருந்து வாங்கிச் சப்வூஃபருக்குக் கொடுத்தேன், தூரத்தையும் மறுபடி சரிசெய்தேன். 80 ஹெர்ட்ஸில் இருந்த பொதபொதப்பு அடங்கிவிட்டது. பின்பக்க ஸ்பீக்கர்களும் 100, கூரையில் உள்ளவை 120.

கிராஸ்ஓவரைத் தேர்ந்தெடுக்கும்போது “இந்த ஸ்பீக்கர் எவ்வளவு கீழே போகும்?” என்று கேட்பது கீழ் எல்லையை மட்டுமே சொல்லும். அந்த எல்லைக்கு மேலே எங்கே வெட்டுவது என்பதை, நீங்கள் உட்காரும் இடத்தில் எந்தப் பெட்டி அந்தச் சுருதியை ஒழுங்காக வாசிக்கிறதோ அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தானியங்கி அளவீடு கொடுத்த எண்ணை மேலே ஏற்றலாம். கீழே இறக்காதீர்கள்: ஸ்பீக்கர் விழுந்துவிடும் இடத்துக்குக் கீழே ஆடிசி எதையும் திருத்துவதில்லை.

மார்ச் 22

இரவில் குறைந்த சத்தத்தில் பேஸ் மறைகிறது என்பவருக்கு: மனிதக் காதின் இயல்பு அது. ஆடிசி உள்ள ரிசீவரில், குறைந்த சத்தத்தில் பேஸை ஏற்றித் தரும் டைனமிக் ஈக்யூவைப் போடுங்கள். அந்த ஏற்றத்தைக் குறைக்கும் எண்ணான ரெஃபரன்ஸ் ஆஃப்செட் தொலைக்காட்சிக்கு 10, சினிமாப் பாட்டுக்கு 15, திரைப்பட வட்டுக்கு 0. அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் இருந்தால் சப்வூஃபருக்கு அடியில் கனமான ரப்பர் மெத்தை. அதோடு, பத்து மணிக்கு மேல் அளவைக் குறைப்பதும் வேண்டும். மெத்தை தரை வழியாகப் போகும் அதிர்வைக் கொஞ்சம் தடுக்கும், காற்றில் போகும் பேஸைத் தடுக்காது.

மார்ச் 29

முதலில் கேட்டவர் எழுதியிருக்கிறார்: டவர்கள் ஸ்மால், 80, சென்டர் 90, சப்வூஃபரின் தூரம் தானியங்கி வைத்ததைவிட 60 சென்டிமீட்டர் கூடுதல், பாட்டில் பேஸ் வந்துவிட்டது. ஆனால் ரிசீவரில் சப்வூஃபரின் அளவு மைனஸ் 12 என்று காட்டுகிறதாம், சரிதானா என்கிறார்.

சரியில்லை. பல ரிசீவர்களில் மைனஸ் 12 என்பது அளவுகோலின் அடிமட்டம். அதற்கும் கீழே இறக்க ரிசீவர் நினைத்திருக்கலாம், இடம் இல்லாமல் நின்றிருக்கலாம். சப்வூஃபரின் பின்னால் உள்ள ஒலிக்குமிழைக் குறைத்துவிட்டுத் தானியங்கி அளவீட்டை முதலிலிருந்து ஓட்டுங்கள். மைனஸ் 6க்கும் 0வுக்கும் இடையில் வந்தால் போதும். ஓட்டியதும் டவர்களை மறுபடி லார்ஜ் என்று வைத்திருக்கும், மாற்றிவிடுங்கள். அதற்காக இன்னொரு முறை அளக்க வேண்டியதில்லை. சப்வூஃபரையோ சோபாவையோ நகர்த்தினால்தான் மறுபடி அளக்க வேண்டும். தூரம் அழிந்து புதிதாக வந்திருக்கும். அந்த 60ஐ அப்படியே கூட்டாமல், 80 ஹெர்ட்ஸைப் போட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள்.